நெய்தலா, நெத்திலியா? குழந்தைக்கு அபூர்வமான பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் மடியில் இருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "இன்னா பேரு வெச்சிருக்கீங்க?"

"நெய்தல்."

"நெத்திலியா?"

கடலூர் முதுநகரில் குடியிருந்துகொண்டு இப்படிப் பெயர் வைத்தால் இது நடக்கத்தான் செய்யும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "நெய்தல்னா தறி நெய்யறதுதானே?" என்றார். அதுவும் தப்பில்லை, அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அந்த நிலத்துப் பூவுக்கும் அதே பெயர் என்று தமிழ் வாத்தியார் போல வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. பாடம் நடத்துவதையும் நிறுத்திவிட்டேன்.

மாசமாக இருக்கும் தோழிகள் இரண்டு பேர் சமீபத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ எப்படி உங்க வீட்டுல ஒத்துக்க வெச்ச?" அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பெயரைத் தேடும்போது

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் தொடங்காதீர்கள். அவற்றில் பாதிக்கு மேல் 'ஷ்' ஒலியை முன்னும் பின்னும் ஒட்டிச் செய்த பெயர்கள். எதிரே எழுதியிருக்கும் 'ஒளி மிகுந்தவள்', 'கடவுளின் பரிசு' போன்ற பொருள்களுக்கு எந்த அகராதியும் பொறுப்பில்லை. அபூர்வமான பெயர் என்று நினைத்து வைப்பீர்கள், பால்வாடிக்குப் போனால் அதே ஒலியில் நாலு குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். பட்டியலில் ஒன்று மனதைப் பிடித்துவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நல்ல பெயர்கள் பழைய இடங்களில் கிடக்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார்: குவளை, காந்தள், அனிச்சம், தளவம், செருந்தி. எங்கள் நெய்தலும் அதில்தான் இருக்கிறது. சங்கப் புலவர்களில் பெண்கள் மட்டும் எடுத்தால்கூட ஆதிமந்தி, நச்செள்ளை, வெள்ளிவீதி என்று வருகிறார்கள். ஆண் குழந்தைக்குக் கடையெழு வள்ளல்கள் இருக்கிறார்கள். பாரியை எல்லோரும் எடுத்துவிட்டார்கள், நள்ளியும் பேகனும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறார்கள். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று கீறியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய யாரோ ஒருவரின் பெயர் அது. ஆதன் என்று இன்றைக்கு ஒரு பையனைக் கூப்பிட்டால் ஒரு தடையும் இல்லை, வாயில் அழகாக நிற்கிறது.

சொந்த ஊரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பரின் அம்மா பெயர் மாதினி, அக்கா திலகவதி. இரண்டும் இந்த மண்ணின் பெயர்கள், இரண்டையும் யாருக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஊர்ப் பாசத்தில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் தலமரம் பாதிரி. ஊருக்கே அதனால்தான் பெயர். பெண் குழந்தைக்கு 'பாதிரி' என்று வைத்தால் எவ்வளவு அழகு என்று ஒரு மாலை முழுக்கப் பூரித்துப் போயிருந்தேன். இரவு புதுச்சேரியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஒரு நொடி அமைதி. அப்புறம், "ஏண்டி, குழந்தைக்கு அங்கியும் தெச்சுப் போடப் போறியா?" என்றார். பாதிரியார் ஞாபகமே எனக்கு வரவில்லை! மரம் முந்தியா, பாதிரியார் முந்தியா என்று அகராதியை வைத்து வாதாடலாம். கேட்கிறவர் காதில் எது முதலில் விழுகிறதோ அதுதான் பெயர்.

இதே மாதிரி இன்னும் இரண்டு. சுந்தரரின் தாயார் இசைஞானியார். அருமையான பெயர், ஆனால் சொன்னவுடன் இளையராஜா வந்து நின்றுவிடுவார். அசோக மரத்துக்குப் பிண்டி என்று பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு. பிள்ளை நாளைக்கு டெல்லிக்கு வேலைக்குப் போனால் அங்கே அது வெண்டைக்காய்.

வாயில் போட்டுப் பாருங்கள்

தாளில் நன்றாக இருக்கும் பெயர் தெருவில் நிற்காமல் போகலாம். எனவே மூன்று நான்கு பெயர்கள் கைவசம் வந்ததும் மொட்டைமாடியில் நின்று ஒவ்வொன்றையும் கீழே இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி உரக்கக் கூப்பிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. 'ல்', 'ள்' என்று முடியும் பெயர்களுக்கு நம் பக்கத்தில் தானாக ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும்: பால் பாலு ஆகிறது, கயல் கயலு ஆகிறாள். நெய்தல் எங்கள் வீட்டில் நெய்தலு. அந்த நீட்டிய வடிவமும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் காதில் அதிகம் விழப்போவது அதுதான்.

அடுத்து போன். பிரியாணி ஆர்டர் கொடுக்கும்போது உங்கள் பெயருக்குப் பதிலாகக் குழந்தைக்கு யோசித்திருக்கும் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொட்டலத்தின் மேல் என்ன எழுதி வருகிறது என்று கவனியுங்கள். எங்களுக்கு ஒருமுறை 'நெய்தள்' என்று வந்தது, ஒருமுறை 'மெய்தல்'. இரண்டாவது முறை சொல்லிப் புரிந்தால் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டோம். நாலாவது முறையும் புரியாத பெயரைக் குழந்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்கப் போவது நாம் இல்லை.

கடைசியாக ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிண்டலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. என் அண்ணன் மகன் பத்து நொடியில் சொன்னான்: "நெய் ரோஸ்ட்." சரி, இது தாங்கும் என்று விட்டுவிட்டோம். கிண்டலுக்குத் தப்பிய பெயர் உலகத்தில் கிடையாது. ஆபாசமாகவோ உடம்பைக் குறித்தோ திரும்பாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஆங்கில எழுத்து

இதில் அவசரப்படாதீர்கள். தமிழில் ஒரே 'த'. ஆங்கிலத்தில் அதை டி-ஹெச் என்றும் எழுதலாம், டி-யை மட்டும் போட்டும் எழுதலாம். 'ழ' இன்னும் மோசம். இசட்-ஹெச் போட்டால் நமக்குத் தெரியும் ழ என்று, வேங்கட மலையைத் தாண்டினால் யாழினி 'யாஜினி' ஆகிவிடுவாள். அது பிடிக்கவில்லை என்றால் ழ இல்லாத பெயராகப் பாருங்கள், பிடித்தால் துணிந்து வையுங்கள். நடுவில் நின்று எல் போட்டு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. என் பிறந்த வீட்டுப் பழைய பத்திரங்களில் எல்லாம் பிரெஞ்சு முறை எழுத்துதான். உகரத்துக்கு ஓ-யு. முத்து என்றால் எம்-ஓ-யு-டி-டி-ஓ-யு. முருகனுக்குக் கடைசியில் ஓர் இ வேறு உண்டு. தாத்தா பெயரை இன்ஷியலாகவோ பின்பெயராகவோ சேர்க்கிறீர்கள் என்றால் எந்த எழுத்துமுறையில் சேர்க்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, அப்பா அம்மாவின் ஆதார், பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண் கணிதம் பார்ப்பவர்கள் ஏ-வை இரட்டித்து, நடுவில் ஒரு ஹெச் செருகித் தருவார்கள். நம்பிக்கை இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் முதல் ஆவணத்திலிருந்தே அப்படி எழுதுங்கள். பள்ளியில் சேர்த்தபின் ஒரு ஏ-வைக் கூட்டுவது, ஆதாரில் ஒன்றும் சான்றிதழில் வேறொன்றுமாக வைத்திருப்பது, இதெல்லாம் பின்னால் அலைய விடும்.

இன்ஷியலும் இதோடு சேர்ந்ததுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது இன்ஷியலை விரித்து முழுப்பெயராக எழுதச் சொல்வார்கள். ஒற்றைப் பெயர் அழகாக இருக்கலாம். ஆனால் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தபோது, துபாயில் ஆள் இருக்கும் வீடுகள் ஒரு ஆட்டம் ஆடிப் போயின. பிறகு பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இருந்தாலும் பின்பெயராக எது வரும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவாகும் வரை வாயைத் திறக்காதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு, ஐந்தாம் மாதத்திலேயே குடும்ப வாட்ஸப் குழுவில் நாலு பெயரைப் போட்டு "எது நல்லா இருக்கு?" என்று கேட்டது. நாலும் நல்லா இல்லை என்று பதில் வந்தது. கூடவே புதிதாகப் பதினோரு பெயர்கள். அதில் ஒன்றைச் சொன்ன சித்தி, அதை நாங்கள் எடுக்கவில்லை என்று வளைகாப்பு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆகவே நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் பேசி முடியுங்கள். இருவருக்கும் ஒரே பெயர் பிடிக்கும்வரை மூன்றாவது ஆள் காதுக்குப் போகக் கூடாது. உங்களுக்குள் இழுபறி இருக்கும்போது வெளியே கசிந்தால், ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடும். அதுவரை யார் கேட்டாலும், "பொறக்கட்டும், முகத்தைப் பாத்துட்டு வெப்போம்" என்று சொல்லிக்கொண்டிருங்கள். பெரியவர்களே சொல்லும் வார்த்தை என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிறகு சொல்லும்போது, "நெய்தல்னு வெக்கலாமான்னு பாக்கறோம்" என்று சொல்லாதீர்கள். "நெய்தல்னு வெச்சிருக்கோம்." முற்றுப்புள்ளி. 'நல்லா இருக்கா?' என்ற வாலை மட்டும் வெட்டிவிட்டால் பாதி சண்டை வராது.

மாமனார், மாமியார், ஜோதிடர்

மீதிப் பாதி சண்டை இங்கே வரும். இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

எங்கள் மாமாவுக்கு அவருடைய அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. அஞ்சலை. நான் நெய்தல் என்றதும் அவர் கோபப்படவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தட்டு நிறைந்த பிறகும் உரித்துக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இது கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான்: அவருக்கு நெய்தல் என்ற பெயரோடு விரோதம் இல்லை. பேத்தியின் பெயரில் தனக்கு ஒரு பங்கு வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த பெயரை விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் பங்கு கொடுக்க வழி இருக்கிறது. தொட்டில் போடும் அன்று குழந்தையின் காதில் பெயரை மும்முறை சொல்கிறோம் இல்லையா? எங்கள் வீட்டில் மூன்று பெயர்கள் சொன்னோம். நாத்தனார் நெய்தல் என்றார், என் அம்மா குலசாமி பெயரைச் சொன்னார், மாமா குனிந்து அஞ்சலை என்றார். இன்றைக்கும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளும் அதற்குத் திரும்புகிறாள்.

ஒரு குழந்தைக்கு இரண்டு பெயர் இருந்தால் குழம்பும் என்பார்கள். திருவாமூர்க் குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் மருள்நீக்கியார். சமணராக இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் இறைவன் கொடுத்தது நாவுக்கரசு. சம்பந்தர் வாய்நிறையக் கூப்பிட்டது அப்பர். நாலு பெயரிலும் ஆள் ஒருவர்தான், குழப்பம் ஒன்றும் வரவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதல் கடலையை வாயில் போட்டார்.

"புதுசா எதுக்கு, நம்ம ஊர்ல இல்லாத வழக்கம்" என்று சொல்பவர்களுக்கும் இந்தக் கரையில் பதில் நிறைய உண்டு. 1881-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை வந்தது. தம் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப்பெயர் எடுத்துக்கொள்ளலாம் என்று. அதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்! அக்கம்பக்கத்தில் என்னென்ன பேசியிருப்பார்களோ. அதே ஊரில் 1891-இல் பிறந்த கனக சுப்புரத்தினம் தன் பெயரைப் பாரதிதாசன் ஆக்கிக்கொண்டார். எங்கள் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராளி அஞ்சலையம்மாளின் மகள் அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றியது காந்தி. கடைசிச் செய்தியை மாமாவிடம் சொல்லும்போது அழுத்தம் 'அஞ்சலை' மேல் விழுமாறு பார்த்துக்கொண்டேன்.

ஜோதிடர் விஷயம் சுலபம். மகளுக்குத் திருவாதிரை. அதற்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. மூன்றாம் பாதத்தில் பிறந்தவர்கள் 'ங' வைத்து என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அத்தைக்கு எழுத்து முக்கியம் என்றால் ஜாதகத்துக்கு அந்த எழுத்தில் தனியாக ஒரு பெயர் எழுதிவிடுங்கள், அர்ச்சனைக்கும் அதையே சொல்லலாம். பிறப்புச் சான்றிதழ் ஜாதகத்தைக் கேட்பதில்லை.

தெருவில், பேருந்தில், ஆஸ்பத்திரியில்

இவர்களுக்கு விளக்கம் தேவையே இல்லை. கேட்கிறவருக்கு உண்மையாகவே ஆர்வம் இருந்தால் ஒரு வரி போதும்: "கடலோரப் பூங்க." தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு, "அட, நம்ம ஊரு பேரு" என்றார். "இதெல்லாம் ஒரு பேரா?" என்று கேட்பவரிடம், "ஆமாங்க" என்று சிரித்துவிட்டு நகருங்கள். காரணம் சொன்னால் அவர் எதிர்க் காரணம் சொல்வார், பஸ் போய்விடும்.

தப்பாகச் சொல்பவர்களைத் திருத்தும்போது குழந்தையின் எதிரில் சலித்துக்கொள்ளாதீர்கள். தன் பெயர் தொல்லை பிடித்தது என்று அவளுக்குத் தோன்றக் கூடாது.

நெருங்கியவர்களே குத்தலாகப் பேசினால் ஒரே ஒரு முறை நேராகச் சொல்லிவிடுங்கள்: "பேரு வெச்சாச்சு அத்தை, கூப்பிட்டுப் பழகிட்டா உங்களுக்கே பிடிச்சிடும்." ஆறு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். மாமியார் இப்போது மற்றவர்களுக்கு நெய்தல் பூவைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

பதிவு

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவலை அவர்களே அனுப்புவார்கள். ஆனால் அந்த 21 நாட்களுக்குள் பெயரும் முடிவாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்துவிட்டு, தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நர்ஸ் பேனாவை நீட்டும்போது அவசரத்தில் எதையாவது எழுதாதீர்கள். சேர்ப்பது சுலபம், சேர்த்ததை மாற்றுவதுதான் கடினம்.

கடலூர்ப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரி போகிறோம், அங்கே தாய்வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. எங்களுக்குக் கடலூர் மாநகராட்சியில் வேலையே இல்லை, புதுச்சேரிக்குத்தான் பேருந்து ஏறினோம்.

சான்றிதழை அச்சடிக்குமுன் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் போன அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டி, கணினியே தமிழாக்கித் தர, திரையில் 'நெய்தால்' என்று நின்றது. அபூர்வமான பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கணினிக்கும் அது புதுப் பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன், அதைப் பார்த்துத் திருத்தினார்கள். அப்பா அம்மா பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் அங்கேயே படித்துவிடுங்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் சான்று. ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீல நிற ஆதாரிலும் சான்றிதழில் உள்ள எழுத்தை அப்படியே கொடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதை இப்போதே செலவழிக்க வேண்டாம்.

எழுத்துப்பிழை என்றால் பதிவாளரிடமே திருத்தம் கேட்கலாம். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். சிறு பிள்ளைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், 18 வயது முடிந்தபின் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். பெரியவள் ஆனதும் நெய்தல் பிடிக்கவில்லை என்றால் அவளே மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒருநாள் மாமாவிடம் சொன்னேன்.

"அப்போ சொல்லு," என்றார் மாமா. "அஞ்சலைன்னு மாத்திக்கச் சொல்றேன்."